ஆர்டர் படிவத்தில் கட்டமும் இடைவெளியும்: மலை வணிகர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை



கல்லா, தராசு, பில் புக் இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் கடை ஒழுங்காக நடக்கும் என்பது நம் முன்னோர் கண்ட அனுபவம். இன்று நான்காவதாக ஒன்று சேர்ந்துவிட்டது. வாடிக்கையாளர் தம் செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ நிரப்பி அனுப்பும் ஆர்டர் படிவம்தான் அது.

ஊட்டியிலும் குன்னூரிலும் தேயிலைத் தூள், சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி ஆகியவற்றை வாங்கிப் போன சுற்றுலாப் பயணி, ஊருக்குப் போன பிறகு மறுபடி வேண்டுமென்றால் நம் கடைக்கு நடந்து வர முடியாது. மஞ்சூரிலும் பந்தலூரிலும் உள்ள சில்லறைக் கடைக்காரர், ஒரு லிஸ்ட் கொடுப்பதற்காகக் கடையை அடைத்துவிட்டு ஊட்டிக்கு பஸ் ஏற முடியாது. இந்த இரு தரப்பாரும் நம்மிடம் வரும் வழி இப்போது அந்தப் படிவம். எனவே அது வெறும் கம்ப்யூட்டர் வேலை அன்று. அதுதான் நம் கடையின் முன்பலகை.

படிவம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் மாவட்டத்து வணிகருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் கோடை சீசனுக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பும் வந்தது. அதனால் நம் வியாபாரம் பட்ட பாடும் வணிகர் சங்கங்கள் வைத்த கோரிக்கைகளும் தனியே பேச வேண்டியவை. இங்கே நாம் எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டுமே. நம் மலைக்கு வருகிற விருந்தாளி, மலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு படிவத்தைப் பார்க்கிறார். அதை நிரப்பி முடித்தால்தான் வண்டி மேலே ஏறும். நம் கடைப் படிவமும் அப்படித்தான். அதை நிரப்பி முடித்தால்தான் ஆர்டர் நம் கைக்கு வரும். ஒரு வித்தியாசம் உண்டு. இ-பாஸ் இல்லாமல் வர முடியாது என்பதால் எவ்வளவு சிரமப்பட்டாலும் அதை நிரப்பியே தீருவார்கள். நம் படிவம் சிரமமாக இருந்தால் பாதியில் விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

யார் வேலை இது?

வெப்சைட் போட்டுக் கொடுக்கும் தம்பியிடம் ‘ஒரு ஆர்டர் ஃபாரம் வைத்துவிடு’ என்று சொல்லிவிட்டு நம்மில் பலர் ஒதுங்கிக் கொள்கிறோம். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும். ஆனால் சர்க்கரை மூட்டை 50 கிலோ என்பதும், தேயிலைத் தூள் 100 கிராம், 250 கிராம், 500 கிராம் பாக்கெட்டில் போகும் என்பதும், பில் ஒரு முகவரிக்கும் சரக்கு வேறு முகவரிக்கும் போவதுண்டு என்பதும் நமக்குத்தான் தெரியும். எந்தக் கட்டம் எதன் பக்கத்தில் இருக்க வேண்டும், எதற்கும் எதற்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது வியாபார அறிவு. அதைச் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்.

ஒரு கணக்கைப் பாருங்கள். படிவத்தில் ‘மூட்டை’ என்று ஒரு கட்டம், அதன் கீழே ‘கிலோ’ என்று ஒரு கட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘கிலோ’ என்ற எழுத்து, மேல் கட்டத்துக்கும் கீழ்க் கட்டத்துக்கும் சரிநடுவில் நிற்கிறது. அது எந்தக் கட்டத்துக்குரிய பெயர் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. 25 கிலோ சர்க்கரை கேட்கும் சிறு கடைக்காரர், மேல் கட்டத்தில் 25 என்று போட்டுவிடுகிறார். நமக்கு வந்து சேர்வது 25 மூட்டை, அதாவது 1,250 கிலோ ஆர்டர். போன் செய்து கேட்காமல் லோடு ஏற்றிவிட்டால், வண்டி மலைப்பாதையில் போய்த் திரும்பி வரும் வாடகை யார் தலையில்? அவரும் தவறு செய்யவில்லை, நாமும் தவறு செய்யவில்லை. நடுவில் விட்ட இடம் தவறு.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். இடைவெளியையும் அளந்துதான் போட வேண்டும். அதை அளப்பதற்கான கருவிகள் இரண்டைப் பற்றி இனிப் பார்ப்போம்.

கட்டம் போடும் முறை: சி.எஸ்.எஸ். கிரிட்

வலைப்பக்கத்தில் எழுத்து என்ன நிறம், கட்டம் எவ்வளவு அகலம், எது எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லும் எழுத்து முறைக்கு சி.எஸ்.எஸ். என்று பெயர். ஹோகன் வியூம் லீ என்ற நார்வேக்காரர் 1994-இல் இதற்கான யோசனையை வெளியிட்டார். 1996 டிசம்பரில் முதல் விதிமுறை வந்தது. ஆனால் எழுத்தை அழகுபடுத்தத் தெரிந்த அளவுக்கு, பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க அதற்கு அப்போது தெரியாது. ஆகவே பல ஆண்டுகள் பட்டியல் போடும் ‘டேபிள்’ முறையைக் கொண்டும், வேறு பல ஒட்டு வேலைகளைக் கொண்டும் சமாளித்து வந்தார்கள்.

கட்டம் போடுவதற்கென்றே ஏற்பட்ட முறைதான் ‘கிரிட்’. 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகிய மூன்று பிரவுசர்களிலும் அது அடுத்தடுத்து வந்து சேர்ந்தது. அதே 2017-இல் ஜூலை 1 அன்றுதான் நமக்கு ஜி.எஸ்.டி.யும் வந்தது. ஜி.எஸ்.டி.யைப் படிக்க நாம் அத்தனை பேரும் ஓடினோம். கிரிட்டை நம்மில் யாரும் கவனிக்கவில்லை. இது அதைவிடச் சுலபமானது என்பதே உண்மை.

பேரேட்டுப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேதி, விவரம், பற்று, வரவு என்று பத்தி பிரித்துக் கோடு போட்டிருக்கும். விவரத்துக்கு அகலம் அதிகம், தேதிக்குக் குறைவு. கிரிட்டும் அதுவேதான். படிவத்தைச் சுற்றியுள்ள பெரிய கட்டத்துக்கு ‘டிஸ்ப்ளே: கிரிட்’ என்று ஒரு வரி. ‘கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்’ என்ற அடுத்த வரியில் எத்தனை பத்தி, எவ்வளவு அகலம் என்று சொல்கிறோம். ‘கேப்’ என்ற மூன்றாவது வரியில் கட்டங்களுக்கு நடுவே எவ்வளவு இடம் என்று சொல்கிறோம். அடிப்படை இந்த 3 வரிதான்.

அகலத்தைச் சொல்ல ‘எஃப்.ஆர்.’ என்று ஓர் அளவு உண்டு. பின்னம், அதாவது பங்கு என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. கூட்டு வியாபாரம் செய்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். வருஷக் கடைசியில் செலவெல்லாம் கழித்து, மீதி நிற்பதைப் பங்குப்படி பிரிக்கிறோம் அல்லவா? கிரிட்டும் முதலில் இடைவெளியையும் நிலையான அகலங்களையும் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பங்கு பிரிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படிவத்தின் அகலம் 720 பிக்செல். (திரையில் உள்ள மிகச் சிறிய புள்ளி அளவைப் பிக்செல் என்கிறார்கள்.) சரக்கின் பெயருக்கு 2 பங்கு, அளவுக்கு 1 பங்கு, அலகுக்கு 1 பங்கு, ஆக 4 பங்கு. இடைவெளி 16 பிக்செல் வீதம் 2 இடத்தில் 32. அது போக மீதி 688. ஒரு பங்குக்கு 172. எனவே சரக்கின் பெயர் 344, அளவு 172, அலகு 172. எல்லாம் கூட்டினால் 688, இடைவெளி 32 சேர்த்தால் 720. கணக்கு நேராகிவிட்டது.

இதில் ஒரு நுணுக்கத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. பங்கு என்று சொன்னாலும், ஒரு கட்டத்துக்குள் உடையாத நீளமான சொல் வந்துவிட்டால், கிரிட் அந்தச் சொல்லுக்கு இடம் கொடுக்கப் பத்தியை அகலப்படுத்திவிடும். பக்கத்துப் பங்காளியின் இடம் குறையும், சில நேரம் படிவமே திரைக்கு வெளியே போய்விடும். ‘உதகமண்டலம்’ போன்ற நம் சொற்களுக்கு இது அடிக்கடி நேரும். ‘மின்மேக்ஸ்’ என்பதைப் போட்டு, குறைந்தது 0, அதிகபட்சம் 1 பங்கு என்று எழுதச் சொன்னால் எந்தப் பத்தியும் தன் பங்கைத் தாண்டாது.

கட்டத்தின் அகலமே ஒரு குறிப்பு

எவ்வளவு எழுத வேண்டும் என்பதைக் கட்டத்தின் அகலம் வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துப் பின்கோடுகள் 643 என்று தொடங்குபவை, மொத்தம் 6 எண். அதற்குத் திரை முழுதும் நீண்ட கட்டம் வைத்தால், அதில் முகவரியை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். செல்போன் எண் 10 இலக்கம். ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து. முகவரிக்கோ ஒரு முழு வரி வேண்டும்.

தாலுகாவைக் கையால் எழுதச் சொல்வதைவிடப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்வது மேல். நமக்கு உள்ளவை உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்ற 6 தாலுகாக்களே. எந்த லைனுக்கு எந்த வண்டி என்று நாம் பிரிப்பதற்கும் இது உதவும்.

பலர் 12 பத்தி முறையைப் பயன்படுத்துகிறார்கள். 2011-இல் ட்விட்டர் நிறுவனத்திலிருந்து வெளிவந்த ‘பூட்ஸ்ட்ராப்’ என்ற ஆயத்தத் தொகுப்பினால் இது பரவியது. ஏன் 12? நம் டஜன் கணக்குதான். 12-ஐ இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் ஆறாகவும் மிச்சமின்றிப் பிரிக்கலாம். முகவரிக்கு 12, அடுத்த வரியில் ஊருக்கு 6, தாலுகாவுக்கு 3, பின்கோடுக்கு 3 என்றால் வரி நிரம்பிவிடும். கிரிட்டில் இதை ‘ஸ்பேன் 6’, ‘ஸ்பேன் 3’ என்று எழுதினால் போதும்.

கூடலூர், பந்தலூர் வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் 2 இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. மூன்று மாநில எல்லையில் வியாபாரம் செய்யும் நமக்கு அந்த 2 இலக்கம் முக்கியம். எனவே கடைப் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கட்டும். ஆர்டரைப் பார்க்கும் நம் கணக்குப்பிள்ளையின் கண் ஓர் ஓட்டத்தில் இரண்டையும் பிடித்துக்கொள்ளும்.

இடைவெளி: குடோன் கற்றுத்தரும் பாடம்

இனி இரண்டாவது கருவிக்கு வருவோம். குடோனில் மூட்டைகளை எப்படி அட்டி போடுகிறோம்? ஒரே சரக்கின் மூட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி இருக்கும். ஒரு சரக்கின் அட்டிக்கும் அடுத்த சரக்கின் அட்டிக்கும் நடுவே ஆள் நடக்க இடம் விடுவோம். சுவரிலிருந்து தள்ளியே அடுக்குவோம். மலையில் மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறும் என்பதால் இந்த மூன்றாவது விஷயத்தில் நாம் சமவெளி வணிகரைவிடக் கவனமாக இருக்கிறோம். புதிதாக வேலைக்கு வந்த ஆள்கூட, நெருங்கி இருப்பவை ஒரே சரக்கு, தள்ளி இருப்பது வேறு சரக்கு என்று பார்த்த உடனே தெரிந்துகொள்வான்.

படிவத்திலும் கண் அப்படியே பார்க்கிறது. நெருங்கி இருப்பவற்றை ஒரு குடும்பமாகவும், தள்ளி இருப்பவற்றை வேறு குடும்பமாகவும் அது எடுத்துக்கொள்கிறது. கட்டத்துக்கு வெளியே விடும் இடத்துக்கு ‘மார்ஜின்’ என்றும், கட்டத்தின் கோட்டுக்கும் உள்ளே உள்ள எழுத்துக்கும் நடுவே விடும் இடத்துக்கு ‘பேடிங்’ என்றும் பெயர். இரண்டு அட்டிக்கு நடுவே உள்ள நடைபாதைதான் கிரிட்டின் ‘கேப்’.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இத்தனை பிக்செல் என்று தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தால் ஓர் இடத்தில் 13, ஓர் இடத்தில் 17, இன்னோர் இடத்தில் 20 என்று கலந்து போகும். இதைத் தவிர்க்க ‘இடைவெளி வகுப்பு’ முறை வந்தது. தராசுக்கு 50 கிராம், 100, 200, 500, ஒரு கிலோ என்று குறிப்பிட்ட படிக்கற்கள் மட்டும் இருப்பது போல, இடைவெளிக்கும் சில அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு எண் கொடுத்துவிடுகிறார்கள். பூட்ஸ்ட்ராப் தொகுப்பில் 0 முதல் 5 வரை 6 அளவுகள். வழக்கமான எழுத்து அளவில் அவை முறையே 0, 4, 8, 16, 24, 48 பிக்செல். ‘டெயில்விண்ட்’ என்று 2017-இல் வெளிவந்த இன்னொரு தொகுப்பு உண்டு. அதில் எண்ணை 4-ஆல் பெருக்கினால் பிக்செல். அதாவது 2 என்றால் 8, 4 என்றால் 16, 6 என்றால் 24.

கவனியுங்கள். ஒரு தொகுப்பில் 4 என்றால் 24 பிக்செல், இன்னொன்றில் அதே 4 என்றால் 16 பிக்செல். மெட்ரிக் முறை வருவதற்கு முன் ஊருக்கு ஊர் படி அளவு மாறியதை நம் தகப்பனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதுவும் அப்படித்தான். ஒரு தம்பி செய்து கொடுத்த படிவத்தை இன்னொரு தம்பி திருத்தும்போது, எந்தத் தொகுப்பு என்று கேட்டுக்கொண்டு திருத்தச் சொல்லுங்கள்.

நாம் பரிந்துரைக்கும் அளவுகள் மூன்றே. முதலாவது, கட்டத்தின் பெயருக்கும் அதன் கட்டத்துக்கும் நடுவே 4 பிக்செல். இரண்டாவது, ஒரு கட்டத்துக்கும் அடுத்ததன் பெயருக்கும் நடுவே 16 பிக்செல். மூன்றாவது, ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே 48 பிக்செல். 4, 16, 48 என்று ஒன்றைவிட மற்றொன்று பல மடங்காக இருப்பதால் கண்ணுக்குச் சந்தேகம் வராது. மேலே சொன்ன மூட்டை–கிலோ குழப்பம், முதல் இரண்டு அளவுகளும் சமமாக இருந்ததால் வந்தது. 4-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம் இருந்திருந்தால், ‘கிலோ’ என்ற சொல் தன் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

பில் முகவரி, சரக்கு இறக்கும் முகவரி என்ற இரண்டுக்கும் நடுவே அந்த 48 பிக்செல் கட்டாயம். அத்துடன் ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு ஒன்று போட்டு, சுற்றிலும் மெல்லிய கோடு வருமாறு செய்யச் சொல்லுங்கள். கோயம்புத்தூரில் பில், கோத்தகிரியில் டெலிவரி என்று கேட்கும் வாடிக்கையாளரின் சரக்கு இடம் மாறிப் போகாமல் இருக்க இது பெரிய காப்பு.

செல்போன் திரை

நம் வாடிக்கையாளரில் பலர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஆர்டர் போடுவதில்லை. கடையில் நின்றபடி, ஒரு கையில் சரக்கைக் கொடுத்துக்கொண்டே, இன்னொரு கையில் செல்போனைத் தட்டுகிறார்கள். செல்போன் திரையின் அகலம் ஏறத்தாழ 360 பிக்செல் என்று கொள்வோம். இரு ஓரமும் 16 வீதம் விட்டால் மிச்சம் 328. இதில் மேலே சொன்ன 3 பத்தியையும் திணித்தால் ஒரு பங்குக்கு 74 பிக்செல்தான் வரும். ‘பாக்கெட்’ என்ற சொல்கூட அதில் முழுதாகத் தெரியாது.

ஆகவே குறுகிய திரையில் பத்தி அமைப்பே மாற வேண்டும். திரை 600 பிக்செலுக்கு மேல் இருந்தால் 3 பத்தி, குறைந்தால் சரக்கின் பெயருக்கு முழு வரி, அதன் கீழே அளவும் அலகும் ஆளுக்குப் பாதி என்று எழுதலாம். 328-இல் இடைவெளி 16 போக 312, ஆளுக்கு 156 பிக்செல். தாராளமாகப் போதும். இப்படி அகலத்தைப் பார்த்து அமைப்பை மாற்றும் வசதிக்கு ‘மீடியா குவெரி’ என்று பெயர். இதற்காகத் தனியே இன்னொரு படிவம் செய்ய வேண்டியதில்லை, கூலியும் கொடுக்க வேண்டியதில்லை.

விரலால் தட்டும் பொத்தானும் கட்டமும் 44 பிக்செல் உயரமாவது இருப்பது நல்லது. கட்டத்தினுள் எழுத்து 16 பிக்செலுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஐபோனில் கட்டத்தைத் தொட்டதும் திரை தானாகப் பெரிதாகி, மற்ற கட்டங்கள் கண்ணில் படாமல் போகும். ‘அனுப்பு’ என்ற பொத்தானுக்குப் பக்கத்திலேயே ‘எல்லாம் அழி’ என்ற பொத்தானை வைப்பது வேண்டாத வேலை. விரல் தவறிப் பட்டால் 20 சரக்கு எழுதிய லிஸ்ட் போய்விடும். மறுபடி எழுத யாருக்கும் பொறுமை இராது. அந்தப் பொத்தானையே எடுத்துவிடலாம்.

பள்ளத்தாக்குகளிலும் எஸ்டேட் பகுதிகளிலும் செல்போன் சிக்னல் மெலிவாக இருப்பது நாம் அறிந்ததே. பெரிய ஆயத்தத் தொகுப்பை முழுதாக இறக்கிக்கொண்டு திறக்கும் பக்கம் அங்கே தாமதமாகும். கிரிட் பிரவுசருக்குள்ளேயே இருப்பது. ஒரே ஒரு ஆர்டர் படிவத்துக்கு மட்டும் என்றால், தொகுப்பு எதுவும் இல்லாமல் சில பத்து வரிகளில் முடித்துவிடலாம். நம் 3 இடைவெளி அளவுகளுக்கும் 3 வகுப்புகளை நாமே பெயரிட்டு எழுதிக்கொள்ளலாம்.

தமிழில் படிவம் வைப்பவர்களுக்கு

தமிழ் எழுத்து மேலும் கீழும் வளைவது. ‘றி’ மேலே கொக்கி போடும், ‘கூ’, ‘ணு’ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தையே தமிழுக்கும் வைத்தால், மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் இடிக்கும். எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வரி உயரம் வையுங்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், கட்டத்தின் பெயரை இடப்பக்கம் வைக்காமல் கட்டத்தின் மேலே வைப்பதே சரி. சிலர் இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிப் பெயரைக் கட்டத்துக்கு உள்ளேயே மங்கலாக எழுதிவிடுகிறார்கள். எழுதத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். பாதி எழுதிவிட்டு வாடிக்கையாளர் வந்தால் கவனிக்கப் போய்த் திரும்பி வரும் கடைக்காரருக்கு, எந்தக் கட்டத்தில் எதை எழுதினோம் என்பதே தெரியாது.

எண்ணைத் தவறாகப் போட்டால் ‘10 இலக்கம் வேண்டும்’ என்று சிவப்பில் ஒரு வரி வருமல்லவா? அந்த வரிக்கும் கட்டத்தின் கீழே முன்கூட்டியே இடம் விட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் அது தோன்றும்போது கீழே உள்ள கட்டங்களெல்லாம் ஒரு துள்ளுத் துள்ளி நகரும். விரல் வேறு கட்டத்தில் பட்டுவிடும்.

முன்பின் மாறக் கூடாது

கிரிட்டில் ஒரு வசதி உண்டு. எழுதிய வரிசை ஒன்றாக இருந்தாலும், திரையில் வேறு வரிசையில் காட்டலாம். இந்த வசதியைப் படிவத்தில் பயன்படுத்த வேண்டாம் என்பது நம் கருத்து. கம்ப்யூட்டரில் வேலை செய்யும் கணக்குப்பிள்ளைகள் மவுஸைத் தொடாமல் ‘டேப்’ பொத்தானைத் தட்டித் தட்டியே அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். டேப் போவது எழுதிய வரிசைப்படி. கண் பார்ப்பது திரையின் வரிசைப்படி. இரண்டும் வேறானால் விலையை அளவுக் கட்டத்தில் அடித்துவிட நேரும். கண் பார்வை இல்லாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் கருவியும் எழுதிய வரிசைப்படியே படிக்கும். அவர்களும் நம் வாடிக்கையாளரே.

தம்பியிடம் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

இதைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடியின் கீழ் வைத்துக்கொள்ளலாம்.

1. படிவம் கிரிட்டில் போட்டதா? பத்திகளின் பங்கு எத்தனைக்கு எத்தனை?

2. இடைவெளிக்கு எத்தனை அளவுகள்? மூன்று நான்குக்கு மேல் இருந்தால் ஏன்?

3. ஒவ்வொரு பெயரும் தன் கட்டத்தோடு நெருங்கியும், மேல் கட்டத்திலிருந்து தள்ளியும் நிற்கிறதா?

4. பின்கோடு, செல்போன், ஜி.எஸ்.டி. எண் கட்டங்கள் அவற்றின் இலக்கத்துக்கு ஏற்ற அகலத்தில் உள்ளனவா?

5. சிறிய செல்போனில் பக்கவாட்டில் நகர்த்தாமல் முழுப் படிவமும் தெரிகிறதா?

6. டேப் தட்டினால் கண் பார்க்கும் வரிசையிலேயே போகிறதா?

7. தவறு என்று காட்டும் வரி வரும்போது கட்டங்கள் இடம் மாறாமல் நிற்கின்றனவா?

இவற்றைக் கேட்பதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு கோடு போட்ட தாளை எடுத்து, நம் கடைக்கு வரும் ஆர்டரில் எந்தெந்த விவரம் வேண்டும், எது எதோடு சேரும் என்று பென்சிலால் கட்டம் போட்டுப் பாருங்கள். போன வாரம் கடைக்கு வந்த 10 லிஸ்டுகளை அந்தத் தாளில் நிரப்பிப் பாருங்கள். ஒரு கட்டம் 10 தடவையும் காலியாக இருந்தால் அது வேண்டாத கட்டம். ஏதாவது ஒரு விவரம் தாளின் ஓரத்தில் எழுத நேர்ந்தால் ஒரு கட்டம் குறைகிறது. அந்தத் தாளைத் தம்பியிடம் கொடுங்கள். அவர் வேலை பாதியாகக் குறையும், நம் செலவும் குறையும்.

படிவம் தயாரான பின், நம் வாடிக்கையாளரில் வயதில் மூத்தவர் ஒருவரையும், எழுத்து வேலை அதிகம் இல்லாதவர் ஒருவரையும் கூப்பிட்டு, அவரவர் செல்போனிலேயே ஓர் ஆர்டர் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், ஆனால் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர்கள் விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே இடைவெளியோ கட்டமோ சரியில்லை என்று பொருள். அவர்கள் தயங்காமல் முடித்தால் மற்ற அனைவரும் முடிப்பார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் மலைக்கு வந்து போகிறவர்கள் நம் கடையின் பையையும் முகவரியையும் ஊருக்குக் கொண்டு போகிறார்கள். ஊரிலிருந்து அவர்கள் திரும்பக் கேட்கும்போது படிவம் தயாராக இருக்க வேண்டுமானால், மழை விட்டு வியாபாரம் மந்தமாக இருக்கும் நாட்களிலேயே அந்தக் கோடு போட்ட தாளை எடுத்துவிடுவது நல்லது.